ஜிம்மில் ‘எனர்ஜி ஊசி’ போடச் சொல்றாங்களா? ஆபரேஷன் தியேட்டர் மருந்து உங்கள் இதயத்தை என்ன செய்யும்?

இரவு 9 மணி. வேலை முடிந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் நசுங்கி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து கேம்ப் ரோடு போய்ச் சேர்கிறீர்கள். மொபைல் கடைக்கு மேலே முதல் மாடியில் ஜிம். பாட்டுச் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்கிறது. உடம்போ, ‘இன்னிக்கு விட்டுடுப்பா’ என்று கெஞ்சுகிறது. போன வாரம் தூக்கிய வெயிட்டை இன்று பாதி கூடத் தூக்க முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்கிறார். “ப்ரோ, டயர்டா? ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு. ஸ்டீராய்டு எல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியில பிரசவத்துக்கு வர்றவங்களுக்கே போடுறாங்க. அவ்ளோ சேஃப்!”

செம்பாக்கமோ, மேடவாக்கமோ, பெருங்களத்தூரோ... தென்சென்னைப் புறநகரில் ஜிம் போகிறவர்களில் சிலராவது இந்த டயலாக்கை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். சென்னை வட்டாரத்தில் ஜிம் போகும் இளைஞர்களைக் குறிவைத்து இந்த ஊசியை விற்றதாகச் சிலர் கைதான செய்திகளும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ப்ரோ சொன்னது பொய் இல்லை. அது ஸ்டீராய்டு இல்லைதான். பிரசவ ஆபரேஷனில் போடுவதும் உண்மைதான். ஆனால், அந்த உண்மைக்கு நடுவில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அந்த மருந்தின் வேலை என்ன?

மருந்தின் பெயர் மெஃபென்டெர்மின். கடையில் கிடைக்கும் பிராண்டு பெயர்களை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து வகைப்பாட்டில் இது ‘இதயத் தூண்டி’ என்ற பிரிவில் வருகிறது. அதாவது, இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் தட்டி எழுப்புகிற மருந்து.

சிசேரியன் செய்யும்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். அந்த ஊசி வலியை மட்டும் நிறுத்தாது. கால், வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்களையும் தளர்த்திவிடும். குழாய் தளர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அம்மாவுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். அப்படி பிரஷர் இறங்கும்போது அதைத் தூக்கி நிறுத்துவதற்குக் கொடுக்கிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

இப்போது அந்த அறையைக் கற்பனை செய்து பாருங்கள். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் தலைமாட்டிலேயே நிற்கிறார். நோயாளியின் நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள். கையில் பிரஷர் கஃப், சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அளக்கிறது. விரலில் ஆக்சிஜன் கிளிப். துடிப்பு கொஞ்சம் தாறுமாறானாலும் மானிட்டர் கத்தும். மாற்று மருந்தும் ஷாக் கொடுக்கும் மெஷினும் கைக்கெட்டும் தூரத்தில். இவ்வளவு ஏற்பாட்டுக்கு நடுவில், இறங்கிக் கிடக்கிற பிரஷரை நார்மலுக்குக் கொண்டுவரும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாக மருந்து ஏறுகிறது.

ஜிம்மில்? உங்கள் பிரஷர் இறங்கவே இல்லை. வெயிட் தூக்கும்போது ஏற்கெனவே அது ஏறித்தான் இருக்கும். மானிட்டர் கிடையாது, டாக்டர் கிடையாது. அளவு பார்ப்பது, யாரோ ஒரு ப்ரோ. ‘ஆஸ்பத்திரியில போடுறாங்க, அதனால சேஃப்’ என்பதில் விட்டுப்போன பெரிய விஷயம் இதுதான். அந்த மருந்தைப் பாதுகாப்பானதாக ஆக்குவதே அந்த ஆஸ்பத்திரி ஏற்பாடுதான். அதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வெளியே எடுத்து வந்தால், பாதுகாப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

மூக்கடைப்பு மருந்தில் ஆரம்பித்த கதை

இது நம் ஊரில் புதிதாகக் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மூக்கடைப்புக்கு ஆம்ஃபிடமின் கலந்த இன்ஹேலர்கள் சாதாரணமாகக் கிடைத்தன. சிலர் உள்ளே இருக்கும் மருந்துத் துண்டை எடுத்துப் போதைக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு மாற்றாக வந்த இன்ஹேலர்களில் ஒன்றில் இருந்தது மெஃபென்டெர்மின். அதையும் விட்டுவைக்கவில்லை. அந்த இன்ஹேலரை இப்படித் தவறாகப் பயன்படுத்தி மனநிலை பிறழ்ந்து, இல்லாததை நம்ப ஆரம்பித்தவர்களைப் பற்றி 1970-லேயே அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

காரணம் எளிது. வேதியியல் அமைப்பில் மெஃபென்டெர்மின், ஆம்ஃபிடமின் குடும்பத்துக்குச் சொந்தக்காரர். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி ஃபென்டெர்மினாக மாறுகிறது. ஃபென்டெர்மின் என்பது பசியைக் கட்டுப்படுத்தி உடல் எடையைக் குறைக்க சில நாடுகளில் டாக்டர்கள் எழுதித்தரும் தூண்டி மருந்து. ஊசி போட்டதும் களைப்பு காணாமல்போவது, பசி எடுக்காதது, தூக்கம் வராதது, ‘நான்தான் ராஜா’ என்று தோன்றுவது எல்லாமே இந்தக் குடும்ப குணம்தான்.

விளையாட்டு உலகத்துக்கும் இது நன்றாகத் தெரியும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில், போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்ட தூண்டிகளின் வரிசையில் மெஃபென்டெர்மின் பெயர் சொல்லியே இருக்கிறது. மாட்டினால் 4 வருடம் வரை தடை வரலாம். இந்திய வீரர்கள் சிலரே இதில் மாட்டியிருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக வியர்வை சிந்துகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

இதயத்தின் கரன்ட் கனெக்‌ஷன்

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊசி இதயத் துடிப்பை என்ன செய்கிறது?

உங்கள் இதயத்தின் வலதுபக்க மேல் அறையில் ஒரு சின்னத் திசு இருக்கிறது. அதுதான் இதயத்தின் ஒரிஜினல் பேஸ்மேக்கர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அதிலிருந்து மின்சாரத் துடிப்பு கிளம்பும். மேல் அறைகளைச் சுருக்கி, நடுவில் ஒரு சந்திப்பில் நொடிக்கும் குறைவாக நின்று, பிறகு கீழ் அறைகளுக்கு இறங்கும். ‘லப்-டப்’. மேல் தாளம் கீழ் தாளம் எல்லாம் ஒழுங்காக, நல்ல மிருதங்கக் கச்சேரி மாதிரி.

நீங்கள் ஓடும்போதோ பயப்படும்போதோ நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் வெளிவரும். ‘வேகமா அடி, பலமா அடி’ என்பது அதன் உத்தரவு. வேலை முடிந்ததும் நரம்பு முனை அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். துடிப்பு இறங்கிவிடும்.

மெஃபென்டெர்மின் முக்கியமாகச் செய்வது, நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கிற நார்அட்ரினலினை மொத்தமாக வெளியே தள்ளிவிடுவது. தேவை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அது பார்க்காது. தசையில் போட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் ஆரம்பித்து, 4 மணி நேரம் வரைகூட அதன் ஆட்டம் தொடரலாம். நீங்கள் ஒர்க் அவுட் முடித்து, குளித்து, தோசை சாப்பிட்டு, படுத்த பிறகும் இதயத்துக்கு ‘ஓடு, ஓடு’ என்ற உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

இதனால் என்னென்ன நடக்கலாம்?

முதலில், படபடப்பு. துடிப்பு ஏறும். இதயத் தசைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே இதயம் தளர்கிற நேரத்தில்தான் அதற்குக் கிடைக்கிறது. துடிப்பு வேகமாக வேகமாக அந்த இடைவெளி சுருங்கும். வேலை இரண்டு மடங்கு, சாப்பாட்டு நேரம் பாதி. எந்தத் தொழிலாளியால் தாங்க முடியும்?

இரண்டாவது, ‘எக்ஸ்ட்ரா’ துடிப்புகள். நார்அட்ரினலின் வெள்ளத்தில், பேஸ்மேக்கர் அல்லாத மற்ற இதயச் செல்களும் தாமாக மின்சாரம் கிளப்ப ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ‘டக்’கென்று தாவி, ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி தெரியும். ஆரோக்கியமானவர்களுக்கும் எப்போதாவது இது வரும், பெரும்பாலும் ஆபத்தில்லை. தூண்டி மருந்து எடுத்த உடம்பில் அடுத்தடுத்து வந்தால் கதை வேறு.

மூன்றாவது, மேல் அறைகளின் தாளக்கேடு. துடிப்பு திடீரென்று 150, 180 என்று பாயலாம். அல்லது மேல் அறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கலாம். நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு கணக்கே இருக்காது.

நான்காவதுதான் உயிர் பிரச்னை. கீழ் அறைகளில் தாளம் கெடுவது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புவது கீழ் அறைதான். அது மிக வேகமாக அடித்தால் உள்ளே ரத்தம் நிரம்பவே நேரம் இருக்காது. வெறும் நடுக்கமாக மாறிவிட்டால் ரத்தம் வெளியே போகவே போகாது. சில நொடிகளில் ஆள் சரிந்துவிடுவார். இது மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்பதைப் புரிந்துகொள்ளும் இடம். மாரடைப்பில் குழாய் அடைக்கிறது. இங்கே கரன்ட் கெடுகிறது.

இன்னொரு பக்கம், ரத்தக்குழாய்கள் இறுகி பிரஷரும் ஏறும். அந்த பிரஷரோடு மூச்சைப் பிடித்து டெட் லிஃப்ட் தூக்கினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘எனக்கு ஒண்ணும் ஆகலையே!’

பலர் இப்படித்தான் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பவர்களும், இதய மின்சாரப் பாதையில் கூடுதல் ஒயரோ கோளாறோ இருப்பவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு 20, 25 வயது வரை ஒரு அறிகுறியும் இருக்காது. பார்க்க ஆள் ஜம்மென்று இருப்பார். முதல் அறிகுறியே மயங்கி விழுவதாக இருக்கலாம். உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், ஊசி இருக்கட்டும், ஜிம்மில் சேர்வதற்கு முன்பே ஒரு ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நரம்பு முனையில் இருக்கும் நார்அட்ரினலின் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. ஊசி அதைக் காலி செய்கிறது. திரும்ப நிரம்ப நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த ஊசி போட்டால் அதே அளவு மருந்துக்கு முன்பு கிடைத்த ‘கிக்’ கிடைக்காது. உடனே என்ன தோன்றும்? இன்னும் கொஞ்சம் கூட்டலாமே என்றுதான். ஊசி போடாத நாளில் கை கால் அசைக்க முடியாத களைப்பு, எரிச்சல், மனச்சோர்வு. களைப்பைப் போக்கத்தானே ஆரம்பித்தோம்? இப்போது களைப்பே அந்த ஊசியால்தான் வருகிறது. இந்திய மனநல மருத்துவ இதழ்களில், ஜிம் போக ஆரம்பித்து இந்த ஊசிக்கு அடிமையானவர்களைப் பற்றிய கட்டுரைகள் வந்திருக்கின்றன. தூக்கமின்மை, சந்தேக புத்தி, காதில் குரல் கேட்பது வரை போனவர்களும் உண்டு. மாதக்கணக்கில் இதயத்தை இப்படி விரட்டிக்கொண்டே இருந்தால், அந்தத் தசை விரிந்து பலவீனமாகும் அபாயமும் ஆம்ஃபிடமின் வகைத் தூண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

சரி, இவ்வளவுக்கும் மசிலாவது வளருமா? வளராது. இந்த மருந்துக்குத் தசை வளர்க்கும் வேலையே கிடையாது. ‘போதும்’ என்று உடம்பு சொல்லும் குரலை மியூட் செய்கிறது, அவ்ளோதான். தசை வளர்வது சாப்பாட்டிலும் தூக்கத்திலும். இந்த ஊசி பசியையும் தூக்கத்தையும்தான் முதலில் பிடுங்குகிறது.

கூட்டு சேர்ந்தால் ஆபத்து கூடும்

பெரும்பாலும் யாரும் இதை மட்டும் தனியாக எடுப்பதில்லை. கூடவே வருபவை இவை.

ப்ரீ ஒர்க் அவுட் பவுடரும் எனர்ஜி டிரிங்கும்: இவற்றில் காஃபின் இருக்கிறது. எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிகிராம் வரை காஃபின் பொதுவாகப் பிரச்னை இல்லை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்கு. இது காஃபினை மட்டும் எடுப்பவருக்கு. ஏற்கெனவே தூண்டி மருந்து ஓடிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது.

வியர்வை: நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசி இல்லாத ஜிம்மில் ஒரு மணி நேரம் என்றால் பனியனைப் பிழிந்து எடுக்கலாம். வெறும் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்புச் சத்துகளும் போகின்றன. போட்டிக்கு முன் உடம்பை ‘ட்ரை’யாகக் காட்ட நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. அதில் பொட்டாசியம் சரசரவென்று இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் கரன்ட் தானாகவே தடுமாறும். அதன் மேல் இந்த ஊசி என்றால், எரிகிற அடுப்பில் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி.

சளி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும்: மூக்கடைப்பைத் திறக்கும் சில மாத்திரைகளும் இதே ரகத் தூண்டிகள்தான். மனச்சோர்வுக்குத் தரும் சில பழைய வகை மருந்துகளோடு இந்த ஊசி சேர்ந்தால் பிரஷர் அபாயகரமாக ஏறும்.

ஒரே பாட்டில், ஒரே ஊசி: இந்த மருந்து பலமுறை எடுத்துப் போடும் சின்ன பாட்டிலில் வருகிறது. நாலு பேர் பங்கு போட்டு, ஊசியும் மாறிப் போனால், எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் சேர்ந்தே பங்கு போடப்படும். சுத்தமில்லாத ஊசியால் இடுப்பிலும் தோளிலும் சீழ்க்கட்டி வருவது தனிக்கதை.

தாத்தாவின் மாத்திரைப் பெட்டி சொல்லும் பாடம்

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ டிகாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். அதுவும் இதயத்துக்குப் பலம் கொடுக்கிற மருந்துதான். ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியிலிருந்து வந்தது. இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் 1785-ல் அந்தச் செடியைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 200 வருடத்துக்கு மேல் பழக்கமான மருந்து. அப்படியிருந்தும் இன்றுவரை டாக்டர்கள் அதை மைக்ரோகிராம் கணக்கில், நாடியும் ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரக வேலையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கொஞ்சம் கூடினாலும் குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிவது, துடிப்பு தாறுமாறாவது என்று ஆரம்பித்துவிடும்.

இதயத்தின் தாளத்தில் கை வைக்கிற எந்த மருந்துக்கும் இதுதான் விதி. அளந்து கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு கண்காணிக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் அது மருந்தே இல்லை.

எப்போது ஓட வேண்டும்?

வாட்ச் வைத்திருப்பவர்கள் துடிப்பைப் பார்க்கலாம். ஆனால் வியர்வையிலும் கை அசைவிலும் அது தப்புக் கணக்குக் காட்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

உடற்பயிற்சியை நிறுத்தி 15, 20 நிமிடம் உட்கார்ந்த பிறகும் துடிப்பு 120-க்குக் கீழே இறங்கவில்லை என்றாலோ, நெஞ்சுக்குள் தாவல் திரும்பத் திரும்ப வந்தாலோ, அன்றே டாக்டரைப் பாருங்கள். ஒரு ஈசிஜி எடுக்க 5 நிமிடம்தான் ஆகும்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், கண் இருட்டுவது, மயக்கம், தாங்க முடியாத தலைவலி, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது... இதில் எது வந்தாலும் 108-க்குப் போன் பண்ணுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே ஜி.எஸ்.டி ரோட்டில் கிளம்ப வேண்டாம். ‘கேஸ்தான், சோடா குடிச்சா சரியாகிடும்’ என்று ஓரமாகப் படுக்கவும் வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர் சரிந்து விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால்? ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 செ.மீ ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் வெங்காயம் முகரவைப்பதிலும் நிமிடங்கள் போனால், மூளைக்கு ரத்தம் இல்லாத நிமிடங்கள் அவை. உங்கள் ஜிம்மில் ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி மெஷின் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள்.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, ப்ளீஸ்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்பார். “தம்பி, ஏதாவது மருந்து எடுத்தியா?” பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அப்பா முறைப்பார். “இல்ல சார், சும்மா ஒர்க் அவுட் பண்ணேன்” என்று சொல்லத்தான் வாய் வரும்.

ஆனால், வழக்கமான ரத்தப் பரிசோதனை எதிலும் மெஃபென்டெர்மின் தெரியாது. ஈசிஜி, தாளம் கெட்டிருப்பதைக் காட்டும்; எதனால் கெட்டது என்று அதற்குத் தெரியாது. காரணம் தெரிந்தால் வைத்தியமே மாறும். தூண்டி மருந்தால் வந்த படபடப்பு என்றால், முதலில் நரம்பைச் சாந்தப்படுத்தும் மருந்து கொடுப்பார்கள். படபடப்புக்கு வழக்கமாகத் தரும் சில மாத்திரைகளை இந்த நேரத்தில் யோசித்துத்தான் கொடுப்பார்கள். இவையெல்லாம் நீங்கள் சொல்லும் ஒரு வரியில் இருக்கிறது.

அம்மா முன்னால் சொல்லச் சங்கடமா? “டாக்டர், ஒரு நிமிஷம் தனியா பேசணும்” என்று சொல்லுங்கள். போதும், அவருக்குப் புரியும். மருந்தின் பெயர், எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள், கூட என்ன எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் நண்பரிடம் பாட்டிலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவது டாக்டரின் வேலை இல்லை. நோயாளி சொன்னதைக் காப்பாற்றுவது அவர்களின் தொழில் தர்மம்.

விழுந்தது நீங்கள் இல்லை, உங்கள் நண்பன் என்றால், சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ‘மாட்டிவிட்டுட்டான்’ என்று பிறகு கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ள அவன் இருப்பான் இல்லையா? அதுதான் முக்கியம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு விபத்து, அவசர ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மயக்கம் கொடுத்ததும் உங்கள் பிரஷர் இறங்குகிறது. மயக்க மருந்து நிபுணர் இதே மெஃபென்டெர்மின் போன்ற மருந்தைத்தான் எடுப்பார். அது வேலை செய்ய நரம்பு முனையில் நார்அட்ரினலின் சேமிப்பு வேண்டும். மாதக்கணக்கில் ஜிம்மில் அதைக் காலி செய்து வைத்திருந்தால்? உயிர் காக்க அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படுகிற அந்த ஒரு நாளில், உங்கள் உடம்பில் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் அவர் வேறு மருந்தைத் தயாராக வைத்திருப்பார்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால்?

குற்ற உணர்ச்சியில் உட்கார வேண்டாம். இன்றைக்கு அடுத்த ஊசியை நிறுத்துங்கள். முதல் சில நாள்கள் தூக்கம் தூக்கமாக வரும், எரிச்சலாக இருக்கும், மனசு சோர்ந்துபோகும். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த நாள்களில் தனியாக இருக்காதீர்கள், யாரிடமாவது சொல்லிவிடுங்கள். ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பார்த்து ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ எடுங்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று செலவில்லாமல் பார்க்கவும் இடம் இருக்கிறது. ஊசியை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

விட முடியவில்லை என்று தோன்றினால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனசு கனமாக இருந்தால் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டுமே இலவசம்.

இந்த ஊசியின் பெட்டியில் ‘ஆர்எக்ஸ்’ குறியும், டாக்டர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சடித்திருக்கும். ஜிம்மிலோ, டெலிகிராம் குரூப்பிலோ இதை விற்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறி வியாபாரம் செய்கிறார். தமிழ்நாட்டில் போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் சொல்ல 10581 என்ற இலவச எண் இருக்கிறது.

கடைசியாக, இரவு 9 மணிக்குக் களைப்பாக இருப்பது ஒரு நோய் இல்லை. காலையில் 7 மணிக்குக் கிளம்பி, நின்றுகொண்டே ட்ரெயினில் போய், நாள் முழுக்க உழைத்த உடம்பு அது. ஒரு நாள் பாதி வெயிட் தூக்குங்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போய் இரண்டு முட்டை சாப்பிட்டுத் தூங்குங்கள். நாளைக்கு ஜிம் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும்.